செருப்பு வெளியில் கிடந்தது

காரணமில்லாமல் என்னைப் பார்த்து யாராவது சிரித்தால் நான் முதலில் பின்னால் திரும்பிப் பார்ப்பேன். வேறு யாரையோ பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்றால் நிம்மதி. என்னைப் பார்த்துத்தான் என்றால் அன்று முழுவதும் அந்தச் சிரிப்பு மண்டைக்குள் கிடந்து குடையும். இது மருந்தில்லாத ஒரு வருத்தம் என்று என் மனைவி சொல்வாள். அவளுக்கும் அதே வருத்தம்தான். எனக்குக் கொஞ்சம் முற்றிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சுவிட்சர்லாந்தில், வின்டர்தூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். ஊரில் உள்ள முதியோர் இல்லத்தின் சமையலறையில் எனக்கு வேலை. ஒருநாள் முற்பகலில் தலைமைச் சமையல்காரர் உருளைக்கிழங்கை அடுப்பில் போட்டுவிட்டுத் தொலைபேசியில் கதைத்துக்கொண்டு நின்றார். கிழங்கு கரிந்து, புகை கூரையில் இருந்த கருவியைத் தொட்டு, கட்டடம் முழுவதும் அலறத் தொடங்கியது. தாதிமார் ஓடி வந்தார்கள். வந்த அத்தனை பேரும் முதலில் பார்த்தது என்னைத்தான். புகையோ காரமோ மணமோ எது கிளம்பினாலும் சமையலறையில் நிற்கிற ஒரே தமிழனைப் பார்ப்பது அங்கே வழக்கம். நான் கரிந்த சட்டியைக் கையால் காட்டிவிட்டு, அடுப்பை நிறுத்தி, யன்னலைத் திறந்து, கிழவர்கள் இருந்த பக்கத்துக் கதவைச் சாத்தினேன்.

அதற்குள் ஊர்த் தீயணைப்புப் படை வந்துவிட்டது. இங்கே அதை ஃபொயர்வேர் என்பார்கள். பெரிய நகரங்களில் தவிர மற்ற இடங்களில் அது யாருக்கும் முழுநேர வேலை இல்லை. தச்சரும் ஆசிரியையும் வங்கி எழுதுவினைஞரும் பேஜர் அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவருவார்கள். அவர்களின் தலைவரைக் கொமாண்டன்ட் என்பார்கள். எங்கள் ஊர்க் கொமாண்டன்ட் ஒரு தச்சர். சட்டியைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார், சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து விசாரணையைத் தொடங்கினார். எங்கே குடியிருக்கிறாய்? வேலைக்கு நடந்தா வருகிறாய்? பகலில் எப்போதும் இங்கேதான் இருப்பாயா? படி ஏறினால் மூச்சு வாங்குமா?

சீருடை போட்டவர்கள் என்னிடம் இப்படிக் கேட்டு எனக்கு ஒருநாளும் நன்மை விளைந்ததில்லை. அகதி விசாரணையில் சொன்னதைப் போலவே கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு அவர் சிரித்தார். அப்படியென்றால் எங்களோடு வந்து சேர், ஆள் தேவை என்றார்.

அன்று மாலை மனைவியிடம் சொன்னபோது அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தினாள்.

“ஊரில இவ்வளவு சனம் இருக்க உங்களையேன் கேட்டவன்?”

எனக்கும் அதுதான் கேள்வி. அவள் ஒரு காரணம் சொன்னாள், நான் இன்னொன்று சொன்னேன். வெள்ளைக்காரன் ஒருவனும் வரச் சம்மதித்திருக்கமாட்டான் என்றாள். பத்திரிகைப் படத்தில் ஒரு கறுத்த முகம் தேவைப்பட்டிருக்கும் என்றேன் நான். கடைசியில் அவள் குரலைத் தணித்து, எங்கள் ஆட்களின் வீடுகளுக்குள் போய்ப் பார்க்க ஒருவன் வேண்டுமாக்கும் என்றாள். மூன்றாவது காரணம்தான் இருவருக்கும் உண்மையாகப் பட்டது. அதனாலேயே போய்ச் சேர்ந்தேன். ஊருக்குத் தொண்டு செய்யும் ஆசையெல்லாம் பிறகு வந்தது. என்னை ஏன் கேட்டார்கள் என்று உள்ளே போய்க் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் முதல் நாள் என் நோக்கம்.

முதல் மாலையே ஒரு குத்து. எங்களுக்குள் எல்லோரும் எல்லோரையும் ‘டு’ என்றுதான் கூப்பிடுவோம் என்றார் கொமாண்டன்ட். ஜெர்மன் மொழியில் டு என்றால் நீ. வந்த புதிதில் உணவகத்தில் கோப்பை கழுவிய காலத்தில் என்னைப் பலரும் நீ என்றே கூப்பிட்டார்கள். நான் அவர்களை நீங்கள் என்றேன். அந்த நீ எப்படிப்பட்ட நீ என்று எனக்குத் தெரியும். ஆகவே இந்த நீயையும் நான் நம்பவில்லை. ஆனால் இங்கே ஒரு விசித்திரம், படையில் இருந்த பள்ளிக்கூட ஆசிரியை கொமாண்டன்டை நீ என்றாள். வங்கிக்காரரும் நீ என்றார். நானும் அவரை நீ என்று கூப்பிட வேண்டுமாம். என்னைவிட வயது கூடிய மனிதரை நீ என்று சொல்ல என் நாக்கு வளையவில்லை. பல வாரங்களாக அவரை எதுவுமே சொல்லிக் கூப்பிடாமல், நேரே போய் முன்னால் நின்று கதைத்துச் சமாளித்தேன்.

அடுத்தது உடுப்பு. கனத்த சட்டை, காற்சட்டை, சப்பாத்து, தலைக்கவசம் என்று ஒவ்வொன்றாகத் தந்தார்கள். கடைசியாக மெல்லிய துணியில் ஒரு தலையுறை தந்தார்கள். தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்ளும், கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும். சூடு தோலில் படாமல் இருப்பதற்கு அது. போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். உடனே கழற்றிவிட்டேன்.

நான் சிறுவனாக இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் இராணுவச் சுற்றிவளைப்பு நடந்தால் ஆண்கள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்தில் கொண்டுபோய் இருத்துவார்கள். ஜீப்புக்குள் முகத்தை மூடிய ஒருவன் இருப்பான். வரிசை அவன் முன்னால் மெல்ல நகரும். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளைத் தனியே இழுத்துவிடுவார்கள். அவனுக்குச் சனம் வைத்த பெயர் தலையாட்டி. அவன் எங்களில் ஒருவன். தமிழ் தெரிந்தவன், எங்களைத் தெரிந்தவன், அதனால்தான் துணிக்குள் இருந்தான். என் சின்ன மாமாவைப் பார்த்தும் ஒரு தலை ஆடியது. மாமா திரும்பி வந்தார், ஆனால் எங்கே இருந்தார் என்று ஒருநாளும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யார் கதவைத் தட்டினாலும் முதலில் விளக்கை நூர்த்து இருட்டாக்குவோம். தட்டியவர் போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம். வந்தது யாராக இருக்கும் என்று அதற்குப் பிறகுதான் யோசிப்போம்.

அந்தப் பழக்கம் எங்களோடு விமானம் ஏறி இங்கேயும் வந்துவிட்டது. எதிர்பாராமல் மணி அடித்தால் என் மனைவியின் கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். பக்கத்து வீட்டுக் கிழவி கிறிஸ்மஸுக்குச் சுட்ட பிஸ்கட்டோடு வந்து, உள்ளே இருட்டைப் பார்த்துவிட்டு, கதவடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதை எடுத்துச் சாப்பிட்டோம், நன்றி சொல்ல மட்டும் வெட்கமாக இருந்தது.

ஆகவே தலையுறையைக் கையில் வைத்துக்கொண்டு நான் பயந்தது நெருப்புக்கு இல்லை. என்றாவது ஒருநாள் ஒரு தமிழ் வீட்டு வாசலில் முகத்தை மூடிக்கொண்டு, வெள்ளைக்காரர் நடுவில் நான் நிற்க வேண்டி வரும். உள்ளே இருப்பவர்கள் கண்ணுக்கு நான் யார்? அந்தப் பெயர் என்மேல் ஒட்டிவிட்டால் இந்த நாட்டில் எந்தத் தண்ணீரால் கழுவுவது? அதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே உடுப்பைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருப்பாள்.

பயிற்சி வகுப்புகளில் எதையும் லேசில் நம்பாமல் இருந்து படித்தேன். பயிற்றுநர் குழாயைப் பிடிக்கச் சொல்லி ‘லோஷென்’ என்று கத்துவார். நெருப்பை அணைப்பதற்கும் விளக்கை அணைப்பதற்கும் ஜெர்மனில் அதே சொல்தான். யாழ்ப்பாணத்திலும் இரண்டும் நூர்க்கிறதுதான். அதை அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். இவன் ஏன் இப்போது இதைச் சொல்கிறான் என்று அவர் யோசிப்பாரோ என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு நாள் திரையில் ஒரு படம் காட்டினார். அடுக்குமாடிக் கட்டடத்தின் படிக்கட்டு, ஒரு கதவு, கதவுக்கு வெளியே குவிந்து கிடந்த செருப்புகள். ரப்பர் செருப்பு, மணி வைத்த பெண்கள் செருப்பு, ஒரு குழந்தையின் மழைச் சப்பாத்து. புகைக்குள் ஓடிவருகிறவர் இதில் தடக்கி விழுவார், படிக்கட்டில் செருப்பு வைப்பது விதிக்கு முரண் என்றார். எல்லோரும் தலையசைத்தார்கள். எனக்குக் காது சூடானது. இத்தனை செருப்பு ஒரு சுவிஸ் வீட்டு வாசலில் கிடக்க நியாயமில்லை. இவர்கள் யாருடைய வாசலில் போய் நின்று இந்தப் படத்தை எடுத்தார்கள் என்று வகுப்பு முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வாசலாகவே இருக்குமோ என்று ஒவ்வொரு செருப்பாகவும் உற்றுப் பார்த்தேன்.

ஆனாலும் விதி விதிதானே. வீட்டுக்கு வந்து, இனிச் செருப்பை உள்ளே எடுத்து வைப்போம் என்றேன். மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“செருப்பை வீட்டுக்குள்ளையோ? சாமிப்படம் இருக்கிற வீட்டுக்குள்ளையோ?”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எங்கள் செருப்புகள் வெளியிலேயே கிடந்தன.

கோடையில் ஊரார் முன்னிலையில் ஒரு பெரிய பயிற்சி நடந்தது. ஊர்ப் பத்திரிகைக்காகப் படம் எடுக்க வந்தவர் வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தோளில் கைவைத்து முன்னுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். பிடித்துவிட்டேன், இதற்குத்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பத்திரிகை வந்ததும் மனைவியும் நீங்கள் அப்பவே சொன்னனீங்களெல்லோ என்று ஒரு பார்வை பார்த்தாள். படத்தைப் பற்றிக் கொமாண்டன்ட் ஏதாவது புகழ்ந்து சொன்னால் அங்கேயே விலகிவிடுவது என்று கோபத்தோடு போனேன். அவர் படத்தை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, தலைக்கவசத்தின் தாடைப் பட்டியை நீ மாட்டவில்லை, இனி மாட்டு என்றார். வேறு ஒரு சொல் சொல்லவில்லை. விலகுவதற்கு அவர் எனக்கு ஒரு வழியும் விடவில்லை.

வேலை ஒன்றும் பயங்கரமாக இருக்கவில்லை. வெள்ளம் புகுந்த நிலவறையில் தண்ணீர் இறைத்தோம், வீதியில் விழுந்த மரத்தை அறுத்தோம், சிந்திய எண்ணெய்மேல் தூள் தூவினோம். பகலில் பேஜர் அடிக்கும்போது முதியோர் இல்லத்திலிருந்து ஏப்ரனோடு ஓடுவேன். டிப்போவுக்கு, அதாவது வண்டிகள் நிற்கிற கட்டடத்துக்கு, அநேகமாக நான்தான் முதலாவதாகப் போய்ச் சேர்வேன். மற்றவர்கள் வேலைக்காக வெளியூர் போயிருப்பார்கள். எனக்கு அது மெல்லப் பிடித்துப்போனது. பிடித்துப்போனது என்பதே எனக்கு இன்னொரு சந்தேகமாக இருந்தது.

பிறகு நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை. பின்னேரமே இருட்டிவிட்டது. ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அடுக்குமாடியில் கரிந்த மணம் வருகிறது என்று பேஜர் அடித்தது. நானும் அந்த ஆசிரியையும் கொமாண்டன்டைப் போலவே மூச்சுக்காற்றுக் கலங்களை முதுகில் கட்டிக்கொண்டு, தலையுறையைப் போட்டுக்கொண்டு அவர் பின்னால் போனோம். கீழே வாசலில் அழைப்புமணிப் பலகையில் ஒரு நீளமான பெயர். நீளமான பெயர் என்றால் எங்கள் ஆள்.

இரண்டாம் மாடியில் மணம் இருந்தது, புகை இல்லை. கொமாண்டன்டின் சட்டையில் மாட்டியிருந்த நச்சுக்காற்று காட்டும் கருவி மெல்லச் சிணுங்கியது. அந்தத் தளத்தில் இரண்டு கதவுகள். ஒன்றைத் திறந்த கிழவர் நலமாக இருந்தார், அவர் வீட்டில் ஒன்றும் எரியவில்லை. அவரைக் கீழே அனுப்பினோம். மற்றக் கதவுதான் நீளமான பெயருக்குரியது. மணி அடித்தோம், பதிலில்லை. கீழே நின்றவர்கள் யன்னலெல்லாம் இருட்டு, மூடியிருக்கிறது என்று சொன்னார்கள். முறைப்பாடு செய்த மேல்வீட்டுப் பெண், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார்கள் என்றாள். சரி, ஆள் இல்லாத வீடு, கட்டடக் காவலாளி திறப்போடு வந்து கதவைத் திறக்கட்டும், அதுவரை நிலவறையில் ஹீட்டர் பழுதா என்று பார்ப்போம் என்றார் கொமாண்டன்ட்.

நான் கீழே பார்த்தேன். கதவுக்கு வெளியே செருப்புகள். ஆண் சப்பாத்து, பெண் செருப்பு, ஒரு குழந்தையின் இளஞ்சிவப்பு மழைச் சப்பாத்து. அந்தச் சப்பாத்தில் மழைத்தண்ணீர் இன்னும் காயவில்லை.

ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள் என்றேன். வீடு இருட்டாக இருக்கிறதே என்றார் அவர். இருட்டாக இருப்பதால்தான் சொல்கிறேன் என்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நிச்சயமா என்று கேட்டார்.

தலையுறைக்குள் இருந்து, ஒரு தமிழ் வீட்டு வாசலில் நின்று, ஓம் என்று நான் தலையை ஆட்டினேன். ஆட்டிய பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தது.

உடனே அவர் கதவை உடைக்கும் கம்பியைக் கொண்டுவரச் சொன்னார். அவர் செய்தது சரி. ஆனால் உள்ளே விளக்கை நூர்த்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பவர்களுக்குக் கதவு உடைந்து முகமூடிகள் உள்ளே வருவது என்னவாக இருக்கும் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறு என்றேன். அவரை முதல் தடவையாக நீ என்று சொன்னேன், அதையும் பிறகுதான் கவனித்தேன். கம்பி மேலே வரும்வரைதான் என்றார்.

கதவில் வாயை வைத்து மரியாதையாகத் தொடங்கினேன். அம்மா, பயப்பிடாதேங்கோ, நாங்கள் ஃபொயர்வேர், கதவைத் திறவுங்கோ என்றேன். உள்ளே இருந்த அமைதி இன்னும் இறுகியது. இறுகாமல் என்ன செய்யும்? கதவுக்கு வெளியே ஜெர்மன் கதைக்கிற ஆட்களோடு ஒரு தமிழ்க் குரல். எங்கள் சனத்துக்கு அதைவிடக் கெட்ட குறி வேறில்லை. மறுபடியும் கெஞ்சினேன். எங்கேயோ ஒரு கதிரை மெல்ல நகர்ந்தது, அவ்வளவுதான். கீழ்ப்படியில் கம்பியின் சத்தம் கேட்டது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவர்கள்மேலா, எங்கள் எல்லோர்மேலுமா, தெரியவில்லை. கதவை உள்ளங்கையால் அடித்துக் கத்தினேன்.

“செருப்பெல்லாம் வெளியில கிடக்கு. ஆருக்கு நடிக்கிறியள்? திறவுங்கோ கதவை!”

அரசாங்கத்து ஆள் எவனும் அப்படிப் பேசமாட்டான். உறவுக்காரன்தான் பேசுவான். சங்கிலி போட்டபடி கதவு ஒரு விரலளவு திறந்தது. ஒரு இளம்பெண்ணின் கண் தெரிந்தது. என் தலையைப் பார்த்ததும் கதவு திரும்ப மூடப் போனது. தலைக்கவசத்தைக் கழற்றி, உறையைக் கழுத்துக்கு இழுத்துவிட்டு, முகத்தைப் பாருங்கோ பிள்ளை, முகத்தைப் பாருங்கோ என்றேன். அவள் பார்த்தாள். சங்கிலி கழன்றது.

நடந்தது இதுதான். அன்று கணவனின் பிறந்தநாள். பால்கனியில் கரி மூட்டிக் கோழி சுட்டிருக்கிறார்கள். புகை வருகிறதென்று மேல்வீட்டுப் பெண் ஏற்கெனவே பலமுறை முறைப்பாடு செய்தவள். மழையும் தொடங்க, கனன்றுகொண்டிருந்த கரியை அடுப்போடு தூக்கிக் குசினிக்குள் வைத்து, மணம் வெளியே போகாதபடி யன்னலெல்லாம் சாத்தி, பால்கனிக் கதவிடுக்கில் ஈரத் துவாய் செருகிவிட்டார்கள். மேல்வீட்டுக்காரிக்குத் தெரியாமல் போகட்டும் என்றுதான். அந்தக் கரி புகையில்லாமல், சத்தமில்லாமல் வீட்டுக் காற்றை நஞ்சாக்கிக்கொண்டிருந்தது. தலையிடிக்கிறது என்று கணவன் படுத்துவிட்டான். மணி அடித்ததும், பொலிஸ் வந்துவிட்டது என்று இவள் விளக்கை நூர்த்துவிட்டாள்.

மூச்சுக்காற்று முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். ஆசிரியையும் கொமாண்டன்டும் கணவனைத் தூக்கினார்கள். நான் சோபாவில் கிடந்த சிறுமியைத் தூக்கினேன். அவள் தலை என் தோளில் விழுந்தது, எழும்பவில்லை. மிகவும் பயந்துவிட்டேன். படிகளில் இறங்கியது எனக்கு நினைவில்லை. வெளியே மழையில் அவள் வாந்தியெடுத்து, பிறகு வாய்விட்டு அழுதாள்.

மூவரையும் வின்டர்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், மூவரும் பிழைத்தார்கள். ஆனால் அம்புலன்ஸ் கதவு மூடுமுன் அந்தப் பெண் ஒட்சிசன் முகமூடியை விலக்கி என்னிடம் ஒன்று கேட்டாள்.

“நாங்கள் உள்ளுக்கை இருக்கிறமெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நன்றிக்குப் பதிலாக ஒரு குற்றச்சாட்டு என்றே அதை எடுத்துக்கொண்டேன். ஆர் சொன்னது? தலையை ஆட்டியவன் நான்தானே.

பிறகு நடந்தது என் சந்தேகத்துக்குத் தீனி போட்டது. வீட்டு உரிமையாளர் அந்தக் குடும்பத்துக்கு எச்சரிக்கை அனுப்பினாராம். வின்டர்தூர்த் தமிழ்க் கடைக்குள் நான் போனால், மரவள்ளிக்கிழங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கதைத்தவர்கள் கதையை நிறுத்தினார்கள். கடைக்காரர் நல்ல மனிதர், ஒளிக்காமல் சொன்னார்.

“அண்ணை, குறை நினையாதேங்கோ. நீங்கள்தான் வெள்ளையளைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டிக்குடுத்ததெண்டு கதைக்கினம்.”

வாங்கிய முருங்கைக்காயை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அந்தப் பெண்தான் கதையைப் பரப்புகிறாள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அவளுடைய குழந்தையைத் தூக்கிய தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டு, இப்படியும் ஒரு சனமா என்று குமுறினேன்.

பேஜரை எடுத்துக்கொண்டு கொமாண்டன்டின் தச்சுப் பட்டறைக்குப் போனேன். அவர் ஒரு யன்னல் சட்டத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். விலகுகிறேன் என்றேன். அவர் ஏனென்று கேட்கவில்லை. திறந்த வாசலில் முகமூடி மாட்டாமல் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றதற்கு என்னை ஏசினார், காற்று இன்னும் கெட்டிருந்தால் நீயும் விழுந்திருப்பாய் என்றார். நான் அதை விட்டுவிட்டு, இத்தனை நாளும் நெஞ்சில் வைத்திருந்ததைக் கேட்டேன். ஊரில் இவ்வளவு பேர் இருக்க என்னை ஏன் கேட்டாய்?

அவர் மரத்தூளை ஊதினார். பகலில் ஊரில் இருக்கிற ஆள் எனக்குத் தேவை, நீ பகலில் ஊரில் இருக்கிறாய் என்றார். அன்றைக்கு முதியோர் இல்லத்தில் அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. எங்கே குடியிருக்கிறாய், நடந்தா வருகிறாய், பகலில் இங்கேதானா? வேறு ஏதாவது சொல்வாரோ என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அவர் சட்டத்தைத் தேய்க்கத் தொடங்கிவிட்டார். ஏமாற்றமாகத்தான் இருந்தது. பொய் சொல்கிறவர் இதைவிட நல்ல காரணமாகச் சொல்லியிருப்பார் என்று வீட்டுக்குப் போகும் வழியில் தோன்றியது. பேஜர் என் சட்டைப்பையிலேயே இருந்தது.

இருந்தாலும் தமிழ்க் கடைப் பக்கம் நான் போகவில்லை. மனைவிதான் போய்வந்தாள். அந்தப் பெயர் ஒட்டிவிட்டது, இனிப் போகாது என்றே இருந்தேன்.

மாரி முடிகிற நேரம், ஒரு ஞாயிறு பின்னேரம், வெளியே மழை. நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். மணி அடித்தது. யாரையும் எதிர்பார்க்கவில்லை. மனைவியின் கை சுவிட்சுக்குப் போனது, வீடு இருண்டது. இருவரும் கோப்பையை மேசையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தோம். தீயணைப்புப் படைக்காரன் ஒருவன் தன் வீட்டில் ஒளிந்திருப்பது எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனால் எழும்பவில்லை. மணி மறுபடி அடித்தது. பிறகு கதவில் ஒரு உள்ளங்கை பலமாக விழுந்தது. ஒரு பெண்ணின் குரல், படிக்கட்டு முழுவதும் கேட்கும்படி:

“செருப்பெல்லாம் வெளியில கிடக்கு. ஆருக்கு நடிக்கிறியள்? திறவுங்கோ கதவை!”

மனைவி தேநீரைச் சிந்திவிட்டுச் சிரித்தாள். நான் எழும்பிப் போனேன். போனாலும் திறக்கவில்லை, முதலில் கதவில் இருந்த கண்ணாடி ஓட்டையால் பார்த்தேன். ஆள் முகம் தெரியவில்லை. கறுப்பாக ஏதோ மறைத்தது. கொஞ்சம் விலகியதும்தான் விளங்கியது, அது என்னுடைய செருப்பு. அதைத் தூக்கி ஓட்டைக்கு நேரே பிடித்துக்கொண்டு அந்தப் பெண் நின்றாள். பக்கத்தில் இளஞ்சிவப்புச் சப்பாத்தோடு சிறுமி.

விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்தேன். அவள் செருப்பைக் கீழே வைக்காமலேயே கதைத்தாள்.

“ஆர் சொன்னதெண்டு கேட்டனான், நீங்கள் வாய் திறக்கேல்லை. ஆஸ்பத்திரியில கிடந்து யோசிச்சுத்தான் கண்டுபிடிச்சனான். கடையில கதைக்கிற சனத்துக்கெல்லாம் நான்தான் சொல்லிக்கொண்டு திரியிறன் அண்ணை. எங்களைக் காட்டிக்குடுத்தது எங்கட செருப்பு.”

சிறுமி அதற்குள் தன் சப்பாத்தைக் கழற்றி எங்கள் செருப்புகளோடு போட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். தாயும் தன்னுடையதைக் கழற்றினாள். படிக்கட்டில் ஒரு குவியல் சேர்ந்தது, விதிக்கு முழுக்க முரண். நான் அவள் கையில் இருந்த என் செருப்பை வாங்கி, அது முன்பு கிடந்த இடத்திலேயே வெளியில் வைத்தேன்.